பெயர் எழுதாத ஸ்லைடு

சாயம் கழுவிக் காயவைத்த இரண்டு கண்ணாடித் துண்டுகளையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த மாத்திரத்தில் பெரியக்காவுக்குத் தெரிந்துவிட்டது, ஒன்று அருமையாக வந்திருக்கிறது, மற்றது சொதப்பல் என்று. அருமையாக வந்ததில் ரத்தம் ஒரு முனையில் அடர்த்தியாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, கடைசியில் இறகின் நுனி மாதிரி அலுங்காமல் முடிந்திருந்தது. மற்றது ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே தடிமன், நடுவில் கை தயங்கியதற்கு அடையாளமாக ஒரு குறுக்குக்கோடு வேறு. இவற்றில் எது தன்னுடையது என்பதில் அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

"இது என்னோடது," என்றாள்.

"அது என்னோடதுக்கா," என்றாள் சின்னக்கா, கையுறையைக் கழற்றாமலே. "உங்களோடது அந்தக் கோடு விழுந்தது."

"இத்தனை வருஷத்துல என் கையில கோடு விழுந்து நீ பாத்திருக்கியா?"

"எப்பவும் பாக்கறேன். சொல்றதில்ல."

இருவரும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் கீழேயும் மேலேயுமாகக் குடியிருந்துகொண்டு, போதாக்குறைக்கு ஒரே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே மேசையில் வேலையும் பார்க்கிறவர்கள். வேண்டாதவர்களுக்குக்கூட இப்படி ஓர் ஏற்பாட்டை யாரும் செய்துகொடுக்க மாட்டார்கள். முதலில் வந்தவள் பெரியக்கா, பிறகு வந்தவள் சின்னக்கா என்று வாசலில் நோயாளிகளின் பெயரைப் பதியும் முன்மேசைக்காரர் வைத்த பெயர்தான் எல்லார் வாயிலும் நிலைத்துவிட்டது. காலையில் ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள், ஆனால் ஒருத்தி முன்வாசலில் ஏறினால் மற்றவள் பின்வாசலில் ஏறுவாள். சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. நடந்திருந்தால் சமாதானமும் நடந்திருக்கும். மாமியார் ஒருத்தியின் சமையலைப் புகழும்போது மற்றவள் பாத்திரத்தை ஓசைப்படக் கழுவுவது, மாடியில் காயும் துணியின் தண்ணீர் கீழே காயும் துணியில் சொட்டுவது, இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயங்களைச் சேர்த்து வைத்து ஒன்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள். அதிலும் ஒரு வார்த்தை கூடிவிடாமல் பார்த்துக்கொள்வார்கள்.

புதிதாகச் சாயப் புட்டி திறந்தால், நோயாளிகளின் ரத்தத்தில் கை வைப்பதற்கு முன் அந்தச் சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் பார்த்துக்கொள்வது அந்தக் கூடத்தின் பழக்கம். ஆரோக்கியமான ஆளுக்கு எங்கே போவது? உள்ளே வேலை செய்கிறவர்கள்தான் ஆரோக்கியமானவர்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் நோயாளிகள், அவ்வளவுதான் பாகுபாடு. வெளியே இருப்பவர்களின் ஸ்லைடில் எண் எழுதாமல் ஒரு சொட்டுகூட வைக்க மாட்டார்கள். சொந்த ரத்தத்துக்கு மட்டும் எதுவும் எழுதுவதில்லை. நம்முடையதுதானே, பார்த்துவிட்டுக் குப்பையில் போடப் போவதுதானே என்ற எண்ணம். சோதிக்க ஒரு ஸ்லைடு போதும். ஆனால் ஒருத்தியின் கையில் மற்றவளுக்கு நம்பிக்கை கிடையாது என்பதால் இந்த ஓரகத்திகள் இருக்கும்வரை எப்போதும் இரண்டு ஸ்லைடு. இன்றைக்கும் ஆளுக்கொரு விரலைக் குத்திக்கொண்டு, ஆளுக்கொரு சொட்டை இழுத்து, ஒரே தட்டில் சேர்த்து வைத்துச் சாயம் ஊற்றினார்கள். தட்டைக் கழுவி எடுத்தபோது எது எந்தப் பக்கம் இருந்தது என்று இருவருக்குமே நினைவில்லை. நினைவிருக்கிறது என்று இருவருமே சாதித்தார்கள்.

"சும்மா எதுக்குப் பேச்சு," என்று பெரியக்கா நல்ல ஸ்லைடை எடுத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்புக்குப் போனாள். எடுத்துக்கொண்டவளுக்குத்தான் சொந்தம் என்கிற மாதிரி இருந்தது அந்தப் போக்கு. சின்னக்கா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் முன்மேசைக்காரர் எட்டிப் பார்த்து, ரத்தம் கொடுக்க ஒருவர் காத்திருக்கிறார் என்று சொல்ல, அவள் ஊசித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கினாள் பெரியக்கா. சாயம் பிரமாதமாகப் பிடித்திருந்தது. சிவப்பணுக்கள் வட்ட வட்டமாக, நடுவில் வெளிறி, ஒன்றை ஒன்று இடிக்காமல் கிடந்தன. அவளுக்கு இந்தச் சிவப்பணுக்களின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. உடம்பில் எல்லா செல்லும் உட்கருவை நடுவீட்டில் வைத்துக்கொண்டு அது சொல்கிறபடி ஆடும்போது, இவை மட்டும் வெளியே கிளம்பும் முன் உட்கருவையே தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தையும் ஆக்ஸிஜன் சுமக்க ஒதுக்கிக்கொள்கின்றன. வீட்டில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் அவளுக்கு இந்தச் செல்தான் ஞாபகம் வரும். தன்னைத்தான் அதில் வைத்துப் பார்த்துக்கொள்வாள், ஓரகத்தியை அல்ல. கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளணு, உட்கரு மூன்று துண்டாக மெல்லிய இழையில் கோத்துக்கொண்டு, புத்தகத்தில் போட்ட படம் மாதிரி இருந்தது. திருப்தியாக ஸ்லைடை நகர்த்தினாள்.

அடுத்த இடத்தில் அவள் கை நின்றது.

பெரிய செல். செல் முழுவதும் உட்கருதான். வேலை நடக்கவேண்டிய இடமான சைட்டோபிளாசம் போக்கிடம் இல்லாமல் ஓரத்தில் ஒரு நீலக் கோடாக ஒதுங்கியிருந்தது. உட்கருவுக்குள் இரண்டு மூன்று வெளிறிய புள்ளிகள், கண் மாதிரி. முதிர்ந்து, தன் தொழிலைப் பழகிக்கொண்டு, பிறகு ரத்தத்துக்கு வரவேண்டிய செல், ஒன்றுமே பழகாமல் எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியே ஓடிவந்திருந்தது. பிளாஸ்ட் என்று அதற்குப் பெயர். அதற்குத் தெரிந்தது பெருகுவது ஒன்றுதான். பக்கத்திலேயே இன்னொன்று. நகர்த்தினாள், நான்கு. நகர்த்தினாள், எண்ணத் தோன்றவில்லை. ஒன்றின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சின்ன ஊசி மாதிரி ஒன்று படுத்திருந்தது. அந்த ஊசியைப் பார்த்தபிறகு எந்த டாக்டரும் வேறு எதையும் யோசிக்க மாட்டார். ரத்தப் புற்று.

அவளுக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, வெறும் திகைப்பு. மற்றவர்களின் கண்ணாடியில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பார்த்தவுடன் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள், டாக்டருக்கு போன் செய்வாள், அந்த எண்ணுக்குரியவர் வெளியே பெஞ்சில் இருந்தால் அந்தப் பக்கம் திரும்பாமல் நடப்பாள். இந்தக் கண்ணாடியில் எண் இல்லை. யாருக்கு போன் செய்வது, எந்தப் பக்கம் திரும்பாமல் நடப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

சாயம் கெட்டது என்று நினைத்துப் பார்த்தாள். கெட்ட சாயம் பக்கத்துச் செல்லை மட்டும் எப்படி அவ்வளவு அழகாகக் காட்டும்? பழைய ஸ்லைடு கலந்துவிட்டதோ? பெட்டியை அவளே இன்று காலையில்தான் பிரித்தாள். அந்தக் கோடு விழுந்த ஸ்லைடை வைத்தாள். தடிமனாக இருந்தாலும் ஓரமாகத் தேடிப் பார்க்க முடிந்தது. சுத்தம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சிதறிய மாவு மாதிரி தாராளமாக இருந்தன. நல்ல ஸ்லைடில் தட்டணுவைத் தேடவேண்டியிருந்ததே என்று அப்போதுதான் உறைத்தது. எண்ணிக்கை பார்க்கும் மெஷின் பழுதாகி ஒரு வாரமாகத் துணி போர்த்திக் கிடந்தது. கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் என்றால்கூட, பெண்ணின் வெள்ளணுக்கள் சிலவற்றில் உட்கருவின் விளிம்பில் மேளக்குச்சி மாதிரி ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்துச் சொல்லிவிடலாம். இங்கே இருவரும் பெண்கள். ஒரே வீட்டுக்கு வாழவந்த இரண்டு பெண்களைப் பிரித்துக் காட்ட லென்ஸுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

இது என்னோடது என்று சொன்ன தன் குரல் அவள் காதில் கேட்டது. ஒரு மாதமாகப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வந்தது, பிரஷ் முரடு என்று இரண்டு பிரஷ் மாற்றியது, மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது, வயசாகிறது என்று சிரித்தது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. சின்னக்கா ரத்தம் எடுத்த டியூப்களை ஸ்டாண்டில் செருகிக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்தபடி பெரியக்காவின் வாய் தானாகப் பேசியது.

"யோசிச்சுப் பாத்தேன். அந்த நல்லா வந்தது உன்னோடதுதான்."

சின்னக்கா திரும்பினாள். நம்பாமல் ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் அந்தச் சிரிப்பு பெரியக்காவுக்கு நேராக ஒரு தடவைகூட வந்ததில்லை. அவள் முன்பல் இரண்டும் லேசாக ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் என்பதே இப்போதுதான் தெரிந்தது.

"பரவால்லக்கா. உங்க கையும் நல்ல கைதான். இன்னிக்கு என்னமோ தவறிடுச்சு, அவ்வளவுதான்." கையுறையை உருவிப் போட்டுவிட்டு அருகில் வந்தாள். "நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு வீட்ல அத்தைகிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க. நகருங்க, நானும் பாக்கறேன்."

பெரியக்கா நகரவில்லை. லென்ஸுக்கு மேலே உள்ளங்கையை வைத்து மூடினாள். தான் செய்த காரியம் என்ன என்று அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு விளங்கியது. சூடான பாத்திரத்தைக் கை தாங்காமல் பக்கத்தில் இருக்கிறவள் மடியில் இறக்கி வைத்திருக்கிறாள். தான் என்னவோ பரிசு கொடுத்துவிட்ட மாதிரி சின்னக்காவும் சிரிக்கிறாள். நான் இப்படிப்பட்டவளா என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது, அந்த முதிராத செல்கள் தராத நடுக்கம் வந்தது.

"என்னக்கா?"

"அதுல பிளாஸ்ட் இருக்கு. நிறைய."

"யாரோட ஸ்லைடுல?" என்று இயல்பாகக் கேட்டாள் சின்னக்கா. அவள் கண் ஸ்டாண்டில் இருந்த எண்களின் மேல் போனது.

"நம்மளோடதுல."

சின்னக்கா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டுக் கண்ணை வைத்தாள். மைக்ராஸ்கோப்பில் ஏறியிருந்தது சுத்தமான ஸ்லைடு. அதை எடுத்துவிட்டு மற்றதை வைத்தாள். அவளுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நகர்த்தும் குமிழ் கொஞ்ச நேரம் சுற்றியது, பிறகு சுற்றுவது நின்றது. நின்றபிறகும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. வெளியே யாரோ இருமினார்கள். சரியாக மூடாத குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க இத பாத்துட்டுத்தான் சொன்னீங்களா? என்னோடதுன்னு."

பொய் சொல்ல வசதி இருந்தது. இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா," என்றாள் பெரியக்கா.

சின்னக்கா கத்துவாள், இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததை எல்லாம் இன்றைக்குக் கொட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். கொட்டியிருந்தால் தேவலை. சின்னக்கா மைக்ராஸ்கோப்பை விட்டு நகர்ந்தாள். அலமாரியைத் திறந்து புது ஊசி இரண்டு, புது ஸ்லைடு இரண்டு எடுத்து மேசையில் வைத்தாள். பென்சிலைத் தேடினாள். அது அவள் சட்டைப் பையிலேயே இருந்தது, அது தெரியாமல் இரண்டு இழுப்பறைகளைத் திறந்து மூடினாள். பெரியக்காதான் எடுத்துக் கொடுத்தாள். சின்னக்கா ஒரு ஸ்லைடின் சொரசொரப்பான ஓரத்தில் 'பெ' என்று எழுதினாள், மற்றதில் 'சி' என்று. எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தாள்.

"கையக் குடுங்க."

எப்போதும் அவரவர் விரலை அவரவரே குத்திக்கொள்வார்கள். இன்று சின்னக்கா பெரியக்காவின் விரலைப் பிடித்தாள். பிடித்த கை ஜில்லென்று இருந்தது. ஒன்பது வருஷத்தில் இவள் தன்னைத் தொடுவது இன்றுதான் முதல்முறையோ என்று பெரியக்காவுக்குத் தோன்றியது. சொட்டு வந்தது. அது பார்க்க எல்லார் ரத்தத்தையும் போலவே சிவப்பாகத்தான் இருந்தது. அடுத்து பெரியக்கா சின்னக்காவின் விரலைப் பிடித்தபோது, மடித்துவிட்ட சட்டைக் கைக்குக் கீழே, முழங்கையின் உட்பக்கம், கருநீலமாக ஒரு தடம் தெரிந்தது.

"இது என்ன?"

"பாப்பா கடிச்சது."

"எப்ப?"

"ஞாபகமில்ல." சின்னக்கா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, "கடிச்சதுதான்னு நெனைக்கிறேன்," என்றாள்.

இரண்டு ஸ்லைடுமே கோணலாக வந்தன. சாயம் ஊற்றி, அதன்மேல் தண்ணீர் விட்டு, அது பிடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். சாயம் பிடிப்பதற்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான், அதை விரட்டவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. முன்மேசைக்காரர் மறுபடி தலையை நீட்டி, "என்ன, உள்ள ரெண்டு பேரும் சேந்து சட்டசபையா? வெளிய கூட்டம் சேருது," என்றார். இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு, கேட்டதை அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பெரியக்கா வேண்டிக்கொள்ளப் பார்த்தாள். எனக்கு இருக்கக் கூடாது என்று கேட்டால், அவளுக்கு இருக்கட்டும் என்று கேட்பதாகிறது. அவளுக்கு இருக்கக் கூடாது என்று கேட்க வாய் வரவில்லை. பெரியக்காவின் மகனுக்கு மீசை முளைத்துவிட்டது. சோறு போட்டுச் சாப்பிடத் தெரியும், கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தத் தெரியும். மாடியில் இருக்கும் சின்னக்காவின் பாப்பாவுக்கு நான்கு வயது. சாயங்காலம் ஆனால் படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக வழுக்கி இறங்கி, பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வரும். இதெல்லாம் தெரிந்தும் என் வாய் வரவில்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன் உடம்பே அருவருப்பாக இருந்தது. தன் பங்குக்கு மட்டும் பெருகப் பார்ப்பது அந்தச் செல் ஒன்றுதானா என்ன.

"பாப்பா உங்ககிட்ட படுத்தாதான் ராத்திரி சரியா தூங்குது," என்றாள் சின்னக்கா தட்டைப் பார்த்தபடி. "எங்கிட்ட படுத்தா உருண்டுகிட்டே இருக்கும். உங்ககிட்ட சொன்னதில்ல. சொல்லவேணாம்னு நெனச்சேன்."

"வாய மூடு."

"ஒருவேளை எனக்குன்னா, அதுக்குச் சொல்றேன்."

"மூடுன்னேன்ல."

நேரம் ஆகியிருந்தது. சின்னக்கா ஸ்லைடுகளைக் கழுவினாள். நீலத் தண்ணீர் தொட்டியில் சுழன்று ஓடியது. அவற்றின் பின்பக்கத்தைத் துடைத்துச் சன்னலோரம் சாய்த்து வைத்தாள். காய்ந்ததும் 'சி' என்று எழுதியதை எடுத்து நீட்டினாள்.

"முதல்ல என்னோடத நீங்க பாருங்க. நான் பாக்க மாட்டேன்."

பெரியக்கா வாங்கி வைத்தாள். எண்ணெய் விட்டாள். பார்ப்பதற்கு முன் கண்ணை ஒருமுறை இறுக்கி மூடித் திறந்தாள். சிவப்பணுக்கள். கூட்டம் கூட்டமாகத் தட்டணுக்கள். மூன்று துண்டு உட்கருவோடு ஒரு வெள்ளணு, ஐந்து துண்டோடு இன்னொன்று. தன் வேலையைத் தெரிந்து வைத்திருக்கிற, எங்கே போகவேண்டும் எப்போது சாகவேண்டும் என்று தெரிந்த செல்கள். நகர்த்தினாள். சுத்தம். மறுபடி நகர்த்தினாள். ஒன்று கிடைக்காதா என்று அவள் கண் தேடியது. தேடியது அவளுக்கே தெரிந்தது, தெரிந்தும் தேடினாள். ஓரத்துக்குப் போய் அங்கிருந்து நடுவுக்கு வந்து, மறுபடி மற்ற ஓரத்துக்குப் போனாள். இல்லை. ஒன்றுகூட இல்லை. எங்கேயோ நெஞ்சின் அடியில் ஒரு சின்ன இடத்தில், மாடிப்படியில் வழுக்கி வருகிறவளுக்காக ஒரு மூச்சு இளகியது. மற்ற இடமெல்லாம் கல்லாக இருந்தது.

"உன்னோடது சுத்தமா இருக்கு," என்றாள்.

சின்னக்காவின் வாய் திறந்துகொண்டது. இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடைத்துக்கொண்டிருந்த மூச்சு பெரிய சத்தத்தோடு வெளியே வந்தது, முகம் முழுக்க ரத்தம் பாய்ந்து சிவந்தது, கண்ணில் நீர் பொங்கியது. அது சந்தோஷம்தான். அதை அவள் மறைப்பதற்குள் பெரியக்கா பார்த்துவிட்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மிகவும் தெரிந்த ஒருவரைத் தெருவில் பார்த்த மாதிரிதான் இருந்தது. அடுத்த கணம் சின்னக்காவுக்கும் உறைத்திருக்க வேண்டும். வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள்.

"என்னோடத குடு," என்றாள் பெரியக்கா. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. தினமும் டியூபை எடு என்று சொல்வது போலவே வந்தது.

சின்னக்கா சன்னலோரம் இருந்த ஸ்லைடை எடுத்தாள். ஆனால் தரவில்லை. ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"இன்னும் காயலக்கா."

"குடு."

"ஈரமா இருக்கு. கொஞ்சம் இருங்க." அவள் அதை வாயருகே கொண்டுபோனாள். உதடு நிற்காமல் நடுங்கியதால் காற்று ஒழுங்காக வரவில்லை. எப்போதோ காய்ந்துபோன அந்தக் கண்ணாடியை, சூட்டை ஆற்றிக் குழந்தைக்கு ஊட்டுகிறவள் மாதிரி, விடாமல் ஊதிக்கொண்டே இருந்தாள்.